தேவசகாயம் போட்ட ஒரே கூடை

ஆம்பூரில் சம்பளத்துக்குப் பந்து விளையாடிய முதல் ஆள் தேவசகாயம். கடைசி ஆளும் அவன்தான். நடுவில் வேறு யாரும் இல்லை. மூன்று வருஷம் ஆடினான். அந்த மூன்று வருஷத்தில் அவன் கூடைக்குள் போட்ட பந்து ஒன்றே ஒன்று. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரட்டும், நான் காத்திருக்கிறேன். அந்த ஒன்றையும் அவன் லேசில் போட்டுவிடவில்லை.

நான் அப்போது வாஹித் பாஷா சாயபுவின் தோல் ஷாப்பில் குமாஸ்தா. காலையில் ஆட்கள் உள்ளே வரும்போது பெயரையும் வேலையையும் எழுதிக்கொள்வது என் பொறுப்பு. பந்தாட்டம் வந்த பிறகு ஏணி தூக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஏணிக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தோல் ஷாப்பு என்றால் இரண்டு பக்கம். ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைத் தண்ணீர், உலர்த்தும் கொட்டகை, இதெல்லாம் ஈரப் பக்கம். காய்ந்த தோலைத் தரம் பிரித்துக் கட்டி அனுப்புகிற கோடவுன், காய்ந்த பக்கம். ஈரப் பக்கத்து ஆள் முட்டி வரைக்கும் நனைந்திருப்பான். காய்ந்த பக்கத்து ஆள் சட்டை போட்டிருப்பான். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே பத்து அடி வாசல்தான் இருந்தது. ஆனால் அந்த வாசலைத் தாண்டிப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

தேவசகாயம் ஈரப் பக்கம். உயரம் ஆறடி ஐந்தங்குலம், செருப்பில்லாமல். மாதா கோவிலில் அவன் முழங்காலிட்டிருக்கும்போது, யாரோ ஒருத்தன் நிற்கிறான் என்று நினைத்துச் சாமியார் இரண்டு முறை பிரசங்கத்தை நிறுத்தியிருக்கிறார். உலர்த்தும் கொட்டகையில் பன்னிரண்டு அடி உயரத்தில் மூங்கில் கொடி கட்டியிருக்கும். மற்றவர்கள் கவைக்கோலால் ஈரத் தோலைத் தூக்கி அதன்மேல் போடுவார்கள். தேவசகாயம் கீழே நின்றே ஒரு கையால் எறிவான். தோல் மேலே போய்க் கொடியின்மேல் விழுந்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, இரண்டு விரல் வித்தியாசம் இல்லாமல் தொங்கும். ஒரு பக்கம் நீண்டு தொங்கினால் மடிப்பு விழுந்துவிடும். மடிப்பு விழுந்த தோல் ஒரு தரம் கீழே இறங்கிவிடும். ஏழு வருஷத்தில் அவன் எறிந்த தோல் ஒன்றுகூட இறங்கியதில்லை.

அவன் பக்கத்தில் அந்தோணி மேஸ்திரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஷாப்புக்கே தரம் பார்க்கிறவர் அவர். காய்ந்த பக்கத்து மனிதர், ஆனால் காலையில் இரண்டு மணி நேரம் ஈரப் பக்கம் வந்து, கொடிக்குப் போகிற ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். நல்ல தோல் என்றால் ஒன்றும் சொல்லாமல் தேவசகாயம் கையில் கொடுப்பார். அது கொடிக்குப் போகும். கத்தி வெட்டோ உண்ணிக்கடியோ இருந்தால், "கழிசல்" என்பார். தேவசகாயம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இடது தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவான். இருபது அடிக்கு அப்பால் மூலையில் ஒரு பட்டைக்கூடை உண்டு. நேராக அதில் போய் விழும். ஒரு நாளைக்கு நூறு தோல் வந்தால் பத்து அப்படிப் போகும். நாங்கள் யாரும் அதை ஒரு சங்கதியாக நினைத்ததில்லை. சோற்றை வாயில் போடுகிறவனை யார் வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்படி இருக்கையில் சாயபு ஒரு நாள் வேலூருக்குப் போய்விட்டு முகம் சிவந்து வந்தார். அங்கே ஒரு அமெரிக்கப் பாதிரியார் கோட்டை மைதானத்தில் பாஸ்கட் பால் என்று ஓர் ஆட்டம் நடத்துகிறார். அதில் பேரணாம்பட்டு அதாவுல்லா ஒரு கோஷ்டியை இறக்கியிருக்கிறார். அதாவுல்லாவும் தோல் ஷாப்புக்காரர். சாயபுவின் மனைவி அக்தரி பேகத்துக்குக் கூடப் பிறந்த தம்பி. மைத்துனன் ஒரு பொருளை வைத்திருந்து தான் வைத்திருக்காவிட்டால் சாயபுவுக்குச் சோறு இறங்காது. அவன் மோட்டார் வாங்கியபோது இவரும் வாங்கினார். அவனுக்கு மூலம் வந்தபோது மட்டும்தான் சும்மா இருந்தார்.

லண்டனுக்கு எழுதிப் பந்து வரவழைத்தார். வந்ததும் அந்தோணி மேஸ்திரியிடம்தான் முதலில் கொடுத்தார். மேஸ்திரி அதைக் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். தையலை விலக்கி உள்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நம்ம தோலு சாயபு," என்றார். "இங்கேர்ந்து போனது. ஃபர்ஸ்ட்டு."

நம்ம ஊர்த் தோல் லண்டனுக்குப் போய்ப் பந்தாகித் திரும்பி வந்திருக்கிறது என்றதும் ஷாப்பே வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ராமலிங்கம் சொல்லிக்கொடுக்க வந்தார். முற்றத்தின் இரண்டு கோடியிலும் பத்தடி உயரத்தில் பலகை அடித்து, இரும்பு வளையம் மாட்டி, அதில் அடி வெட்டிய பட்டைக்கூடையைக் கட்டியாயிற்று. ஆட்களில் உயரமானவன் யார் என்று வாத்தியார் கேட்கவே இல்லை. நேராகத் தேவசகாயத்திடம் போய் நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"இத அந்தக் கூடைக்குள்ள போடணும். அவ்ளோதான். போடு பாக்கலாம்."

தேவசகாயம் எறிந்தான். பந்து மேலே போய், வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் விழுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆடக்கூட இல்லை.

"பரவால்ல, மொத தபா," என்றார் வாத்தியார். நான் ஏணியைக் கொண்டுவந்து ஏறி எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவையும் அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம். அன்றைக்கு நான் பதினோரு முறை ஏணி ஏறினேன். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஒரு பந்தும் கீழே விழவும் இல்லை.

வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாய்யா பண்ற நீ?"

"போட்டுட்டேனே சார்."

"எங்க போட்ட?"

"மேல. எறங்காது பாருங்க."

ஏழு வருஷம் நல்ல தோலைத் தொங்கவிட்ட கை அது. நல்ல தோலைக் கையில் கொடுத்தால் தொங்கவிடத்தான் செய்யும். அதட்டினாலும் சரி, ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தாலும் சரி. வாத்தியார் ஒரு வாரம் இரண்டையும் செய்து பார்த்தார். பிறகு ராத்திரியெல்லாம் பாதிரியார் கொடுத்த சட்டப் புஸ்தகத்தைப் படித்துவிட்டுக் காலையில் வேறு மனிதராக வந்தார்.

பந்து மேலே மாட்டிக்கொண்டால் யார் பக்கமும் குற்றம் இல்லையாம். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஆள் எதிரெதிரே நிற்க, நடுவர் பந்தை நடுவில் தூக்கிப் போடுவார். எகிறித் தட்டுகிறவனுக்குப் பந்து. ஆறடி ஐந்தங்குலத்துக்கு எதிரே எகிறுவதற்கு வட ஆற்காடு ஜில்லாவில் ஆள் இல்லை. ஆகவே தட்டுகிறவன் தேவசகாயம். தட்டி, பிடித்து, மறுபடி மேலே மாட்டலாம். மறுபடி ஏணி. மறுபடி எகிறல். இதற்குள் நேரம் போய்விடும்.

ஒரு கூடை போட மட்டும் ஆள் வேண்டும். பட்டை வண்டி ஓட்டுகிற வேலு இருந்தான். குள்ளன், ஆனால் குறி தப்பாது. ஆட்டம் ஆரம்பித்ததும் தேவசகாயம் தட்டிக் கொடுப்பான், வேலு ஒன்று போடுவான், இரண்டு புள்ளி. பிறகு விசில் ஊதும்வரை தேவசகாயம் மாட்டுவான், நான் ஏறுவேன். மூன்று வருஷம் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தோம். எல்லா ஆட்டமும் இரண்டுக்குப் பூஜ்யம்.

குடியாத்தத்தில் பந்து மேலே இருந்தபோது ஒரு குருவி வந்து அதன்மேல் முட்டையிட்டது என்று சொல்லுவார்கள். அது பொய். குருவி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். நான் ஏணியிலேயே இருந்தேன்.

அதாவுல்லா பாதிரியாரிடம் முறையிட்டார். தேவசகாயம் சம்பளம் வாங்கி ஆடுகிறான், இது தொழில், விளையாட்டில்லை என்றார். பாதிரியார் என்னைக் கூப்பிட்டு அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். நான் நோட்டைக் காட்டினேன். தேவசகாயம் என்ற பெயருக்கு நேரே "பந்து" என்று எழுதியிருந்தது. சாயபு சொல்லி எழுதியதுதான். ஆட்டம் இல்லாத நாளில் அவன் வழக்கம்போலக் கொட்டகையில் தோல் எறிந்துகொண்டுதான் இருந்தான்.

"காசு வாங்கிட்டு ஆடறவன எப்பிடி சேக்கலாம்?" என்றார் அதாவுல்லா.

"நீ தோல இனாமா பதம் பண்றியா மச்சான்?" என்றார் சாயபு.

பாதிரியார் வெகுநேரம் யோசித்து, ஏணி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நன்றாயிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

இதெல்லாம் தேவசகாயத்துக்கு ஒரு பொருட்டில்லை. ஜெயித்தால் சாயபு தட்டிக்கொடுப்பதற்காக முதுகைக் குனிந்து காட்டுவான், அவ்வளவுதான். அவன் கண்ணெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. அந்தோணி மேஸ்திரியின் மகள் அமிர்தவள்ளி தினமும் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுவருவாள். கோடவுனுக்குப் போகிற வழி கொட்டகைக்குள்தான். தொங்குகிற தோல்களுக்கு நடுவே அவள் நடந்து போனால் வேறு யாருக்கும் தெரியாது. தேவசகாயம் மட்டும் எட்டிப் பார்ப்பான்.

"மேல இருந்து இன்னா பாக்கற?" என்பாள் நிற்காமலே.

"கருவாடு."

"மூடி போட்டிருக்குதே."

"மோப்பம்தான்."

இந்தப் பேச்சு ஒரு வருஷம் இதே அளவில் நடந்தது. ஒரு நாள் குழம்பை மாற்றிக் கொண்டுவந்தும் அவன் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்று அவளே திரும்பி வந்து, ஏன் என்று கேட்டாளாம். அப்புறம்தான் தேவசகாயம் என்னிடம் வந்து, மேஸ்திரியிடம் பேச வேண்டும் என்றான். நான் பேசினேன். எனக்குக் காய்ந்த பக்கத்தில் நாற்காலி உண்டு என்பதால் பேசலாம்.

மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். முழங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"நீளம் ஜாஸ்தி. அகலம் கம்மி. ஈரம் போகல. மூணாந்தரம்," என்றார்.

"மேஸ்திரி, அவன் இப்ப ஈரப் பக்கம் கெடையாது," என்றேன். "நோட்டுல பந்துன்னு இருக்குது."

மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். அவர்கள் கேட்கும்படியாகவே சொன்னார்.

"இவன் ஆடறது கூடைப்பந்து. மூணு வருஷமா சம்பளம் வாங்கறான். கூடையில ஒரு பந்து போட்டதில்ல. தோல் ஷாப்புல ஒரு தோல் பதம் பண்ணாதவன வச்சிருப்பாங்களா? எந்தக் கூடையிலயாவது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு போடட்டும். அப்பறம் என் வீட்டுப் படி ஏறட்டும். பொண்ண நான் குடுக்கறேன்."

அந்தோணி மேஸ்திரி ஒரு தரம் சொன்னால் மாற்றமாட்டார். சாயபுவே வந்து கேட்டும், மூன்றாந்தரத்தை இரண்டாந்தரமாக்க மாட்டேன் என்றவர். ஆகவே பேச்சு பேச்சுதான். ஆனால் அன்றைக்கே சத்துவாச்சாரிக்கு ஆள் அனுப்பிவிட்டார். அங்கே தாலுகா ஆபீஸ் கிளார்க்கு ஒருத்தன் இருந்தான். உயரம் சாதாரணம். அவன் வீட்டார் ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வந்து தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வேலூரில் அதாவுல்லாவின் கோஷ்டியோடு ஆட்டம். தேவசகாயத்துக்கு இருந்தது அந்த ஓர் ஆட்டம்தான்.

மூன்று வாரம் அவன் சாயங்காலமெல்லாம் முற்றத்தில் நின்று எறிந்தான். என் கால் ஆடுசதை இரண்டும் கட்டியாகிவிட்டது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தான். போய் மேலே உட்கார்ந்தது.

வேலை நாளில் ஒரு மத்தியானம் அமிர்தவள்ளி சோற்றுத் தூக்கோடு கொட்டகையில் நின்றுவிட்டாள். மேஸ்திரி அன்றைக்கு நேரமாகியும் ஈரப் பக்கத்திலேயே தோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார், கொடிக்குப் போனது. கொடுத்தார், கொடிக்குப் போனது. "கழிசல்" என்றார், இடது தோளுக்கு மேலே பறந்து பின்னால் கூடையில் விழுந்தது. அவள் பத்துத் தோல் வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்தப் பந்துக்கு அப்பா இன்னா தரம் சொன்னாரு?"

"ஃபர்ஸ்ட்டு."

"அதான்," என்றாள்.

மூன்று வருஷம் டிரில் வாத்தியாரும் சாயபுவும் நானும் ஒரு பாதிரியாரும் சேர்ந்து பார்த்தும் புரியாதது அது. வாத்தியாருக்குத் தோல் தெரியாது. எங்களுக்குத் தோல் தெரியும், அதனால்தான் தோன்றவில்லை. முதல் தரத் தோலைக் கழிசல் என்று சொல்லலாம் என்ற எண்ணம் ஆம்பூரில் பிறந்த யாருக்கும் வராது.

அவளுக்கு வந்தது. கோடவுனுக்குப் போய், அப்பாவின் முன்னால் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அந்தப் பந்தைக் கழிசல்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

மேஸ்திரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் கையைப் பத்து வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

"பழுது இருந்தா சொல்லுவேன். இல்லாததுக்கு எப்பிடிச் சொல்றது?"

"ஒரு வார்த்ததானே."

"எம் பொழப்பே அந்த ஒரு வார்த்ததான் கண்ணு. அத சும்மா சொல்லிட்டா, அப்பறம் நான் இன்னா ஃபர்ஸ்ட்டுன்னாலும் எவன் நம்புவான்?"

அவள் குழம்பை ஊற்றினாள். அன்றைக்கும் கருவாடுதான்.

சனிக்கிழமை காலை ரயிலில் வேலூருக்குப் போனோம். ஏணியைக் கார்டு வண்டியில் ஏற்றிவிட்டு, அது இறங்கும்வரை எனக்கு உயிர் இல்லை. மேஸ்திரி குடும்பத்தோடு வந்தார், ரயிலில் பந்தை வாங்கி வழக்கம்போல ஒரு முறை தடவிப் பார்த்துக் கொடுத்தார். மறுநாளைக்கு வெற்றிலை பாக்கு, துணிமணி வேலூரில்தான் வாங்கவேண்டும் என்று அவர் மனைவி சவுரியம்மாள் சொல்லியிருந்தாள். கோட்டை மைதானத்தில் நல்ல கூட்டம். சத்துவாச்சாரியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் வந்து மேஸ்திரிக்குப் பக்கத்தில், ஆட்டக் கோட்டின் ஓரமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யாருங்க அது, பனமரமாட்டம்?" என்று கேட்டார்.

"எங்க ஷாப்பு ஆளு," என்றார் மேஸ்திரி.

முதல் விசிலுக்கு முன்பே ஆபத்து வந்துவிட்டது. வேலு வேண்டுதலுக்காக முந்தின நாள் சோளிங்கர் மலை ஏறி இறங்கியிருந்தான். ஆயிரத்துச் சொச்சம் படி. இரண்டு காலும் கட்டைபோல ஆகி, பெஞ்சிலிருந்து எழுந்திருக்க அவனுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எங்கள் பக்கம் கூடை போட ஆளே இல்லை. அவர்கள் பக்கம் ஆள் உண்டு, ஆனால் பந்து கிடைக்கவில்லை. பாதி நேரம் முடிந்தபோது பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நான் ஒன்பது முறை ஏணி ஏறியிருந்தேன். ஒன்பதும் உள்ளே போடுவதற்காக எறிந்தவை என்று எனக்குத் தெரியும். தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தால் மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கும்.

பாதி நேரத்தில் பந்து என் வசம்தான் இருக்கும். எனக்குத் தண்ணீர் தாகம். அமிர்தவள்ளி பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் பிடிம்மா," என்று கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன். வேறொன்றும் இல்லை. அவள் தலைமுடி அவிழ்ந்திருந்தது. காற்று என்று நினைத்தேன்.

மறுபடி ஆட்டம். மறுபடி ஏணி. விசிலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பேரணாம்பட்டு ஆள் ஒருத்தன் கை தவறிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டான். அது உருண்டு நேராக அந்தோணி மேஸ்திரியின் மடிக்கு வந்தது. மேஸ்திரி கையில் தோல் வந்தால் பார்க்காமல் கொடுக்க மாட்டார். கட்டைவிரலால் அழுத்தினார். திருப்பினார். நகத்தால் ஒரு கோடு இழுத்தார். நகம் ஓரிடத்தில் நின்றது.

நடுவராக நின்ற பாதிரியார் கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். பத்து ஆட்டக்காரர்களும் காத்திருந்தார்கள்.

"காலைல இது இல்ல," என்றார் மேஸ்திரி.

அரை விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. ஆழமில்லை. ஆனால் வெட்டு.

"ஏணில ஒரு ஆணி இருக்குது மேஸ்திரி," என்றேன். "அதுல பட்டிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். அவள் கோட்டை அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி மறுபடி ஒரு தடவை அந்த வெட்டைத் தடவினார். மாப்பிள்ளையின் அப்பா, "இன்னாங்க, பந்தக் குடுத்துடலாமே," என்றார்.

"கழிசல்," என்றார் மேஸ்திரி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஷாப்பில் சொல்கிற அதே அளவுதான். பந்தை எங்கள் ஆள் ஒருத்தன் கையில் கொடுத்தார். அவன் கோட்டுக்கு வெளியே நின்று, இரண்டடி தள்ளி எதிரே நின்ற தேவசகாயத்திடம் தள்ளினான்.

தேவசகாயம் பிடித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. கையில் வந்தது, இடது தோளுக்கு மேலாகப் பின்னால் போய்விட்டது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த தோலுக்குக் கை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான். பந்து பாதி மைதானம் பறந்து, வளையத்தைத் தொடாமல், பலகையைத் தொடாமல், வலையின் நடுவே இறங்கிக் கீழே விழுந்தது. மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. யாரோ ஈரத் தோலை உதறினாற்போல இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் கூடை.

அதாவது நாங்கள் காக்கவேண்டிய கூடை. பேரணாம்பட்டு போடவேண்டிய கூடை. பாதிரியார் சட்டப் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தார். யார் போட்டால் என்ன, எந்தக் கூடையில் விழுந்ததோ அதுதான் கணக்கு என்று இருந்தது. பேரணாம்பட்டுக்கு இரண்டு, ஆம்பூருக்குப் பூஜ்யம். மிச்ச நேரத்தில் தேவசகாயம் பந்தைத் தட்டக்கூட இல்லை. அவன் அமிர்தவள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் ஊதிவிட்டார்கள்.

வாஹித் பாஷா சாயபு நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து அவன் பேருக்கு நேரா பந்துன்னு எழுதாத."

"இன்னா எழுதறது சாயபு?"

"ஒண்ணும் எழுதாத. பேரையும் எழுதாத."

தேவசகாயத்தின் பந்துத் தொழில் அத்தோடு முடிந்தது. அவன் மேஸ்திரியின் முன்னால் வந்து நின்றான். மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே அண்ணாந்தார்.

"நம்ம கூடையிலயே போட்டுட்டியேடா."

"எந்தக் கூடையிலயாவதுன்னு சொன்னீங்க மாமா."

மாமா என்று அவன் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி யோசித்தார். பத்துப் பேர் கேட்கச் சொன்ன வார்த்தை. அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"சொன்னேன்," என்றார். பிறகு பக்கத்தில் திரும்பினார். "ஐயா, நாளைக்கு நீங்க சிரமப்பட்டு வர வேணாம்."

"ஏங்க, எங்க பையனுக்கு இன்னா கொற?"

"ஒரு கொறையும் இல்ல. ஃபர்ஸ்ட்டுதான். ஆனா என் வார்த்த முன்னாடியே போய்டுச்சு."

வேலை போனவனுக்குப் பெண்ணா என்று சவுரியம்மாள் ஆரம்பித்தாள். அதற்குள் அதாவுல்லா ஓடி வந்து தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டார். கட்டியது இடுப்பைத்தான், அதற்கு மேல் எட்டவில்லை. மூன்று வருஷத்தில் அத்தானை ஒரு தடவையாவது ஜெயித்தது இவனால்தான் என்றார். திங்கட்கிழமை பேரணாம்பட்டுக்கு வந்துவிடு, கோடவுனில் மேலடுக்கு அடுக்க ஏணியில்லாத ஆள் ஒருத்தன் வேண்டும் என்றார். காய்ந்த பக்கம். சவுரியம்மாள் வாங்கி வைத்திருந்த வெற்றிலையை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் பந்து மேஸ்திரியின் மடியில் இருந்தது. காட்பாடி தாண்டியதும் நகத்தால் அந்த வெட்டைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"உன் ஏணி மூங்கிலு. கயித்துல கட்டினது. ஆணி எங்கேர்ந்து வந்தது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"இது கொண்ட ஊசி," என்றார். "புதுசு. இடது கைல கீறினது."

எதிரே உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளி இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கொண்டையை அவள் ஒரு நூலால் கட்டியிருந்தாள்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா மேஸ்திரி?" என்றேன்.

"வெட்டு இருந்துச்சு, சொன்னேன். யாரு வெட்டினான்னு பாத்தா தரம் சொல்ல முடியும்?"

ஆம்பூரில் மேஸ்திரி பந்தோடு இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து நேராக ஷாப்புக்கு வந்தார். கொட்டகையில் மூலையிலிருந்த பட்டைக்கூடைக்குப் போய், பந்தை அதில் வைத்தார். எறியவில்லை. குனிந்து, கையால் வைத்தார்.